திறந்த பாடநூல்: சமூகப்பணித் துறையினரின் கேள்விகளும் பதில்களும்

சமூகப்பணிப் படிப்புக்குத் திறந்த பாடநூல்களை எழுதுவது, தமிழாக்குவது, வகுப்பில் பயன்படுத்துவது பற்றிக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் கல்விக் குழுவின் பதில்கள் இவை. ஒரே பொருளைத் தொட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பாடநூல்களின் பிடிஎஃப் கோப்புகளைப் போடுகிறார். எல்லாமே இலவசம். திறந்த பாடநூல் என்பதும் இதுதானே?
– முதுநிலை முதலாண்டு மாணவி, தக்கலை

இல்லை. காசில்லாமல் படிக்கக் கிடைப்பது ஒன்று. திருத்தி, சேர்த்து, மறுபடி வெளியிட உரிமை கிடைப்பது இன்னொன்று. திறந்த பாடநூலில் ஐந்து அனுமதிகள் எழுத்திலேயே இருக்கும்: படியை என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம், வகுப்பில் பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொரு நூலோடு கலக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதில் திருத்தும் உரிமைதான் சமூகப்பணிக்கு உயிர்நாடி. சட்டம் மாறுகிறது, திட்டம் மாறுகிறது, ஊருக்கு ஊர் மனிதர்கள் வாழும் முறை மாறுகிறது. கை வைக்க முடியாத நூல் இலவசமாகக் கிடைத்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் பழசாகிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தலைப்புப் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தைத் திறந்து பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமம், அதாவது பிறர் பயன்படுத்த எழுதியவரே முன்கூட்டித் தரும் பொது அனுமதி, என்று குறிப்பிட்டு, எந்த உரிமம், எந்தப் பதிப்பு (இப்போது வழக்கில் உள்ளது 4.0) என்று போட்டிருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவருக்கோ பதிப்பாளருக்கோதான் என்று கொள்ளுங்கள். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இ-ஞானகோஷ் தளத்தில் சமூகப்பணிப் பாடங்கள் நிறையக் கிடைக்கின்றன, படிக்க நல்லவை. ஆனால் தனியாகக் குறிப்பிட்டிருந்தாலொழிய எல்லா உரிமைகளும் காப்புடையவை என்று அந்தத் தளமே சொல்கிறது. அவற்றைப் படிக்கலாம், சுட்டியைப் பகிரலாம், மேற்கோள் காட்டலாம். வெட்டி ஒட்டி உங்கள் நூலாக்க முடியாது.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஆறு. எல்லாவற்றுக்கும் பொதுவானது 'பை': எழுதியவர் பெயரைச் சொல்ல வேண்டும். 'எஸ்ஏ' சேர்ந்தால், திருத்திய நூலையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 'என்சி' சேர்ந்தால் வணிகப் பயன் கூடாது. 'என்டி' சேர்ந்தால் மாற்றியதை வெளியிடவே கூடாது. என்டி உள்ள நூலைத் திறந்த பாடநூல் வரிசையில் நாங்கள் சேர்ப்பதில்லை.

எங்கள் துறையில் நான்கு ஆசிரியர்கள். தமிழில் ஒரு திறந்த பாடநூல் கொண்டுவர ஆசை. எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு காலம் பிடிக்கும்?
– உதவிப் பேராசிரியர், மார்த்தாண்டம்

'சமூகப்பணி ஓர் அறிமுகம்' என்று தொடங்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் தொடங்குகிறார்கள்; பாதியில் நிற்பவற்றில் பெரும்பாலானவையும் அவைதாம். வரலாறும் கோட்பாடும் வேறு நூல்களில் இருக்கின்றன. எங்கும் இல்லாதது உங்கள் மாணவர் களப்பணிக்குப் போகும் இடத்தைப் பற்றிய பாடம். ஆசாரிப்பள்ளம் மருத்துவமனை, தூத்தூர்க் கடற்கரை, பேச்சிப்பாறை மலைக் குடியிருப்புகள், அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பெண் தொழிலாளர்கள், ரப்பர் பால்வெட்டுக் குடும்பங்கள் என்று நம் மாவட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நான்கைந்து உலகங்கள் இருக்கின்றன. 'ஊர்த் தலைவரைச் சந்தித்து அறிமுகம் பெறுக' என்று வெளியூர் நூல் ஒரே வரியில் முடித்துவிடும். கடற்கரையில் அது கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும். காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் அவர்கள் தலைவரான மூட்டுக்காணி. உள்நாட்டில் ஊராட்சித் தலைவரோ கோயில் நிர்வாகமோ. முதல் நாளில் யாரைப் பார்ப்பது என்று தெரியாத மாணவர் அந்தப் பருவம் முழுக்கத் தடுமாறுவார். ஆகவே முதல் நூல் களப்பணிக் கையேடாக இருக்கட்டும்.

அளவு: 8 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் 2,000 முதல் 2,500 சொற்கள், தலைக்கு இரண்டு அத்தியாயம். 11 புள்ளி எழுத்தில் ஏ5 தாளில் 100 முதல் 120 பக்கம் வரும். அதற்கு மேல் போகவிடாதீர்கள். ஒரு பருவம் எழுத, அடுத்த பருவம் வகுப்பில் சோதிக்க, அதன் பிறகு வெளியிட என்று ஓராண்டு தாராளமாக வேண்டும்.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரே எலும்புக்கூட்டை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். தொடக்கத்தில் இந்த அத்தியாயம் முடிந்ததும் மாணவர் என்ன செய்யத் தெரிந்திருப்பார் என்று மூன்று நான்கு வரிகள். 'புரிந்துகொள்வார்' என்று எழுதாமல் 'குடும்ப வரைபடம் வரைவார்', 'வீட்டுச் சந்திப்பைப் பதிவுசெய்வார்' என்று செயலாக எழுதுங்கள். பிறகு அரைப் பக்கத்தில் ஒரு சூழல். அதன்பின் பாடம். அடுத்து நிரப்பிய மாதிரிப் படிவம் ஒன்று; வெற்றுப் படிவத்தால் பயனில்லை, மாணவர் தடுமாறுவது எதை எவ்வளவு எழுதுவது என்பதில்தான். கடைசியில் மூன்று பயிற்சிகளும் சட்டம், உதவி எண்களுக்கான ஒரு பெட்டியும். சட்டப் பெட்டியை எப்போதும் தனிப் பக்கத்தில் வையுங்கள். மாற்றும்போது மற்ற பக்கங்கள் நகராது.

எழுதுவது தவிர நான்கு பேருக்கும் தனிப் பொறுப்பு வேண்டும். ஒருவர் முழு நூலுக்கும் ஆசிரியர். இழுபறி வந்தால் அவர் சொல்வதே முடிவு. ஒருவர் கலைச்சொல் பட்டியல். ஒருவர் உரிமப் பதிவேடு. ஒருவர் கோப்பும் வடிவமும்.

இனி வழக்கமாக எங்கே சறுக்குகிறது என்று சொல்கிறோம். முதலாவது கலைச்சொல். சந்திப்பில் நடந்ததைப் படிப்படியாக எழுதிவைக்கும் 'ப்ராசஸ் ரிக்கார்டிங்' என்பதை ஒருவர் செயல்முறைப் பதிவு என்பார், ஒருவர் நிகழ்வுப் பதிவு என்பார், இன்னொருவர் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவார். மாணவர் மூன்றும் மூன்று படிவம் என்று நினைத்துக்கொள்வார். நூறு சொல் வரையில் ஒரு பட்டியலை முடித்துவிட்டுத்தான் முதல் வரியை எழுத வேண்டும். இரண்டாவது படங்கள். இணையத்தில் தேடி எடுத்த படத்தை அப்போதைக்கு வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் வாரத்தில் யாருடையது என்று தேடுவார்கள். அதற்குத்தான் உரிமப் பதிவேடு. முதல் நாளிலிருந்தே ஒரு விரிதாளில் பக்கம், பொருள், எழுதியவர், எடுத்த முகவரி, உரிமம், எடுத்த தேதி, செய்த மாற்றம் என்று ஏழு பத்தி போட்டு நிரப்பி வாருங்கள். பதிவேட்டில் ஏறாத எதுவும் நூலில் ஏறக்கூடாது. மூன்றாவது, சோதனையின்போது கேட்கும் கேள்வி. 'நன்றாக இருந்ததா' என்று மாணவரைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். அச்சடித்த பக்கத்தையும் பென்சிலையும் கொடுத்து, இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்த வரிகளின் கீழ்க் கோடு போடச் சொல்லுங்கள். ஐந்தாறு பேர் ஒரே வரியில் கோடு போட்டிருந்தால் அந்த வரியைத் திருப்பி எழுத வேண்டும்.

ஆங்கிலத்தில் உள்ள திறந்த பாடநூலை அப்படியே தமிழாக்கினால் வேலை எளிதல்லவா?
– பகுதிநேர விரிவுரையாளர், நாகர்கோவில்

தமிழாக்க அனுமதி உண்டா என்று முதலில் உரிமத்தைப் பாருங்கள். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான், என்டி இருந்தால் வெளியிட முடியாது. பை, பை-எஸ்ஏ, பை-என்சி, பை-என்சி-எஸ்ஏ நான்கிலும் முடியும். ஒன்றை எடுத்து இன்னொன்றாக்குவது இத்துறையில் நடந்து வருவதுதான். சமூகப்பணி ஆராய்ச்சி முறைகளுக்கென 2018ல் அமெரிக்காவில் வெளியான திறந்த நூலே, சமூகவியலுக்காக முன்பு எழுதப்பட்ட திறந்த நூலொன்றைத் தழுவியது.

ஒரு கண்ணியைக் கவனியுங்கள். பை-என்சி-எஸ்ஏ நூலொன்றைத் தமிழாக்கிக்கொண்டே, நடுவில் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து இரண்டு பத்தியைச் சேர்த்துப் பின்னுகிறீர்கள். விக்கிப்பீடியா பை-எஸ்ஏ. இரண்டுமே 'என் உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்' என்கின்றன. ஒரே தழுவலில் இரண்டையும் நிறைவேற்ற வழியில்லை. அந்தப் பத்திகளை நீங்களே புதிதாக எழுதிவிடுங்கள்.

மூலத்துக்கான நன்றிக் குறிப்பு, முன்னுரையில் பொதுவாக அல்ல, அந்தந்த அத்தியாயத்தின் அடியிலேயே இருக்க வேண்டும். இப்படி: 'இந்த அத்தியாயம் இன்னார் எழுதிய இன்ன நூலின் 4ஆம் அத்தியாயத்தைத் தழுவியது. மூலம் கிடைக்கும் முகவரி இது. மூலத்தின் உரிமம் சிசி பை-என்சி-எஸ்ஏ 4.0. செய்த மாற்றங்கள்: தமிழாக்கம், சட்டப் பகுதி முழுதும் புதிது, எடுத்துக்காட்டுகள் குமரி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டவை.' உரிமத்தின் சுட்டியையும் சேருங்கள்.

ஆனால் 'எளிது' என்பதில்தான் எங்களுக்கு மாறுபட்ட கருத்து. வாக்கியத்தைத் தமிழாக்குவது வேலையில் பாதிகூட இல்லை. குழந்தைமீதான பாலியல் குற்றம் பற்றித் தகவல் தரும் கடமையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நூல்கள் பெரும்பாலும் ஆசிரியர், மருத்துவர், சமூகப்பணியாளர் போன்ற குறிப்பிட்ட தொழிலர்களின் கடமையாக அதை விளக்கும். இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்த எவருக்கும் அந்தக் கடமை உண்டு. காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை. வரிக்கு வரி பெயர்த்த நூலைப் படித்த மாணவர் களத்தில் தவறு செய்வார். அதன் விலையைக் கொடுப்பது ஒரு குழந்தை. தொழில் உரிமம், காப்பீடு, குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகள் பற்றிய பகுதிகளும் இப்படித்தான். மருத்துவ, மனநலச் சமூகப்பணியாளர்களை 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழிலர் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதையெல்லாம் மொழிபெயர்க்க முடியாது, எழுதத்தான் வேண்டும்.

ஆராய்ச்சி முறைப் பாடத்திலும் உள்ளூர் அறிவு வேண்டும். மே மாதத்தில் மீனவர் வீடுகளில் வருமானக் கணக்கெடுப்பு நடத்துவதாக ஒரு பயிற்சி வைக்கிறீர்கள். நம் மாவட்டத்தின் கிழக்குக் கரையான சின்னமுட்டம் பக்கம் அப்போது விசைப்படகுத் தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையான முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் அங்கே படகு கடலில் இருக்கும். இரண்டு கரையிலும் ஒரே வாரத்தில் எடுத்த வருமானத்தை ஒப்பிட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. மாதிரி எடுக்கும் காலம் ஏன் முக்கியம் என்று கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டை எந்த ஆங்கில நூலும் உங்களுக்குத் தராது.

எங்கள் நிறுவனத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வழக்குக் குறிப்புகள் உள்ளன. பெயரை மட்டும் மாற்றி நூலில் சேர்க்கலாமா?
– களப்பணி மேற்பார்வையாளர், குளச்சல்

கூடாது. இந்தப் பகுதியில் வேறெந்தக் கேள்விக்கும் இவ்வளவு அழுத்தமாகப் பதில் சொல்ல மாட்டோம்.

சாதாரண நூலில் சங்கடம் வந்தால் அடுத்த பதிப்பில் நீக்கிவிடலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது. உங்கள் தளத்திலிருந்து நீக்கினாலும், முன்பே படியெடுத்தவர் அதைத் தொடர்ந்து பகிரலாம், திருத்தலாம், வேறு மொழியில் போடலாம். தன் கதையைச் சொல்லலாம் என்று இன்று சம்மதித்த பெண், மகளுக்குக் கல்யாணம் பேசும் காலத்தில் வேண்டாம் என்றால் நம் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே சம்மதப் படிவம் கையெழுத்தாகியிருந்தாலும் திறந்த நூலில் உண்மையான ஒருவரின் வழக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

பெயரை மாற்றுவது ஏன் போதாது? நம் ஊர்களில் பங்கு, அன்பியம் (பங்குக்குள் உள்ள சிறு குடும்பக் குழு), தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை இந்த நான்கும் தெரிந்தால் வீட்டையே காட்டிவிடலாம். 'ஒக்கிப் புயலில் கணவரை இழந்தவர், தூத்தூர்ப் பகுதி, இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் செவிலியர் படிப்பு' என்று எழுதினால் பெயர் எதற்கு? சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சிறார் நீதிச் சட்டம், 2015ன் 74ஆம் பிரிவு பெயர், முகவரி, பள்ளி மட்டுமல்ல, குழந்தையை அடையாளம் காட்டும் வேறெந்த விவரத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். போக்சோ 23ஆம் பிரிவு குடும்ப விவரத்தையும் அக்கம்பக்கத்தையும்கூடத் தடைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் விவரங்களுக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு காப்பளிக்கிறது. நூலின் உரிமம் பதிப்புரிமையைத்தான் தளர்த்தும். ஒருவரின் அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்க யாருக்கும் அனுமதி தராது.

அதற்குப் பதிலாகக் கூட்டுச் சூழல் எழுதுங்கள். குறைந்தது ஐந்து வழக்குகளைப் படித்து, எல்லாவற்றிலும் திரும்ப வரும் சிக்கலை மட்டும் குறித்துக்கொண்டு குறிப்புகளை மூடிவையுங்கள். இரண்டு நாள் கழித்து, மூடியபடியே, புதிய மனிதரை எழுதுங்கள். வயது, தொழில், குடும்ப அமைப்பு மூன்றும் அந்த ஐந்தில் எதனோடும் சேர்ந்தாற்போல் பொருந்தக் கூடாது. ஊரைப் பெயர் சொல்லாமல் 'கடற்கரைச் சிற்றூர்', 'மலையடிவாரக் குடியிருப்பு' என்று நிறுத்துங்கள். பிறகு அந்தப் பகுதியை நன்கு அறிந்த, நூலுக்குத் தொடர்பில்லாத இரண்டு பேரிடம் கொடுங்கள். 'இது யார் என்று தோன்றுகிறதா' என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொன்னாலும், அது தவறான பெயராக இருந்தாலும், திருப்பி எழுதுங்கள். தவறாக அடையாளம் காட்டப்பட்டவரும் அதே அவமானத்தைத்தான் சுமப்பார்.

கையேட்டில் படம் வேண்டுமென்றால் கோட்டோவியம் போதும். சுனாமி, ஒக்கி கால நிழற்படங்களில் தெரியும் முகங்களைப் பாடநூலில் போட வேண்டாம்.

சட்டப் பிரிவுகள், அரசுக் குழு அறிக்கைகள், தீர்ப்புகள் இவற்றைத் தாராளமாக எடுத்தாளலாமா?
– சட்டமும் சமூகப்பணியும் பாடம் நடத்துபவர், குழித்துறை

எடுத்தாளலாம், நிபந்தனையோடு. பதிப்புரிமைச் சட்டம், 1957ன் 52ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. சட்டத்தின் வாசகத்தை உங்கள் விளக்கத்தோடோ வேறு சொந்த எழுத்தோடோ சேர்த்துத்தான் வெளியிட வேண்டும். வெறும் வாசகத்தை மட்டும் நூலாக்கக் கூடாது. நாடாளுமன்ற, சட்டமன்ற அவையில் வைக்கப்பட்ட குழு அறிக்கையையும் நீதிமன்றத் தீர்ப்பையும், தடை விதிக்கப்படாதவரை, வெளியிடலாம். அரசின் தமிழாக்கம் வெளிவராத அல்லது விற்பனையில் கிடைக்காத சட்டத்தை நீங்களே தமிழாக்கலாம். ஆனால் அது அரசு ஏற்ற மொழிபெயர்ப்பு அல்ல என்று கண்ணில் படும் இடத்தில் போட்டாக வேண்டும்.

செய்தித்தாள் கட்டுரை, நிழற்படம், தனியார் நூலின் அட்டவணை இவற்றுக்கெல்லாம் இந்தச் சலுகை இல்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுத்துக்கொள்ள அதே பிரிவில் இடம் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை விரிவாகவே ஏற்றது. ஆனால் அது வகுப்பறைக்கான அனுமதி. உலகுக்கே திறந்துவிடும் நூலுக்கு அதை நீட்டிக்க முடியாது.

தமிழில் தட்டச்சிட்டு பிடிஎஃப் ஆக்கினால் படிக்கத் தெளிவாக இருக்கிறது. ஆனால் தேடினால் ஒரு சொல்லும் கிடைப்பதில்லை, படியெடுத்தால் எழுத்து சிதறுகிறது. ஏன்?
– கணினி உதவியாளர், இரணியல்

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் கணினிக்கு அது தமிழே அல்ல. எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் மிஞ்சும். எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு மெய்ப்புப் பார்க்காமல் விடாதீர்கள். மேற்கோள் குறிகளும் எண்களும் குழம்பியிருக்கும்.

ஒருங்குறியிலும் சிக்கல் வரும். 'கொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடலுக்கு இரண்டும் வேறு. நான்கு பேர் நான்கு விசைப்பலகையில் அடித்த அத்தியாயங்களை ஒன்றாக்கும்போது இது தவறாமல் வரும். 'ஔ' எழுத்தை ஒகரமும் ளகரமுமாக அடிப்பதும் இதே வகை. கோப்புகளைச் சேர்த்த கையோடு தேடி மாற்றிவிடுங்கள்.

லிப்ரே ஆபீஸில் வேலை செய்தால் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை இயக்குங்கள். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன. மேலைமொழிக் கட்டத்தில் எழுத்துருவை மாற்றிவிட்டுத் தமிழ் மாறவில்லையே என்று பலர் திகைப்பது இதனால்தான். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நல்லது. நூலோடு பதித்து வழங்கும் உரிமமும் உண்டு. பிடிஎஃப் மட்டும் வெளியிடாதீர்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் ஈபப் என்ற மின்னூல் வடிவத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். பிடிஎஃபை மட்டும் கொடுத்துத் திருத்தும் உரிமை தந்திருக்கிறோம் என்பது பேச்சளவில்தான் நிற்கும்.

எங்கள் வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். நூலை அவருக்கு ஏற்றபடி எப்படி அமைப்பது?
– துறைத் தலைவர், நாகர்கோவில்

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல் 'தலைப்பு 1', 'தலைப்பு 2' பாணியில் இடுங்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைக் கொண்டுதான் அத்தியாயம் தாவும். விலையில்லா என்விடிஏ மென்பொருள் தமிழையும் வாசிக்கும். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை வேண்டும்: 'குடும்ப வரைபடம்' என்றல்ல, 'மூன்று தலைமுறை, தாத்தா இறந்துவிட்டார், தாய்க்கும் மூத்த மகனுக்கும் இடையே முறிவுக் கோடு' என்று. அட்டவணைகளில் கட்டங்களை இணைக்காதீர்கள். தாளை ஒளிவருடி உண்டாக்கிய பிடிஎஃப் அவருக்கு வெற்றுத்தாள்தான்.

உரிமம் பூட்டிய மற்ற பாடநூல்களுக்கும் வழி உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்க்கப்பட்ட விதிவிலக்கின்படி, மாற்றுத்திறனாளி படிக்கும் வடிவத்தில் எந்த நூலையும் இலாப நோக்கின்றி மாற்றித் தரலாம். இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014ல் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. பதிப்பாளர் பதிலுக்குக் காத்திருந்து மாணவரின் பருவத்தை வீணாக்காதீர்கள்.

கல்லூரியில் பணியாற்றிக்கொண்டே எழுதிய நூலுக்கு நானே திறந்த உரிமம் தரலாமா? மாணவர்கள் எழுதிய பகுதிகள்?
– உதவிப் பேராசிரியர், திருவட்டாறு

பணி ஒப்பந்தத்தின் கீழ், பணியின் பகுதியாக எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் பணி தருபவர் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. பாடநூல் உங்கள் பணியின் பகுதியா என்று பின்னால் வாதாடுவதைவிட, தொடங்கும்முன் முதல்வரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வாங்கிவிடுங்கள்: நூலின் பெயர், எழுதுபவர்கள், வெளியிடும் உரிமம், நிர்வாகத்துக்கு மறுப்பில்லை என்ற வரி.

மாணவர் உங்கள் ஊழியர் அல்ல. அவர் எழுதியது அவருடையது. மதிப்பெண்ணை இதற்குப் பணயமாக்கக் கூடாது. மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, சேர்க்க விருப்பமா, பெயர் போடலாமா என்று எழுத்தில் கேளுங்கள். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இந்தியாவில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் விண்ணப்பிக்க வேண்டும். அச்சுக்கும் ஈபப்புக்கும் தனித்தனி எண்.

நூல் தயார். ஆனால் மாணவர்கள் படிப்பதில்லை. ஆசிரியர் குறிப்பைத்தான் கேட்கிறார்கள்.
– விரிவுரையாளர், தக்கலை

முழு நூலின் சுட்டியை ஒரே தடவையாகக் கொடுத்தால் படிக்க மாட்டார்கள். அந்த வாரக் களப்பணிக்கு வேண்டிய ஆறேழு பக்கத்தை மட்டும், போகும் நாளுக்கு முந்தின வகுப்பில் கொடுங்கள். பாடத்திட்டத்தின் எந்த அலகுக்கு நூலின் எந்தப் பக்கம் என்று ஓர் ஒப்பீட்டுத் தாளை முன்பக்கத்திலேயே வையுங்கள். தேர்வுக்கு இது உதவும் என்று தெரியாதவரை கையில் எடுக்க மாட்டார்கள், அதில் அவர்கள் மேல் குற்றமில்லை.

அதைவிடப் பலன் தருவது நூலைத் திருத்தும் வேலையை அவர்களிடமே கொடுப்பது. கடற்கரைக்காக எழுதிய வீட்டுச் சந்திப்புப் பகுதியை ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள். விடியுமுன்னே பால்வெட்டுக்குப் போகிறவர் வீட்டில் எத்தனை மணிக்குப் போய் நின்றால் பேச முடியும் என்று யோசிக்கும்போதே பாடம் மனதில் ஏறிவிடும். நல்ல திருத்தங்களை அடுத்த பதிப்பில் சேருங்கள்.

எங்கள் பக்கம் மலையோரம். சிக்னல் கிடைப்பது அரிது. அச்சில் வேண்டும். ஜெராக்ஸ் கடையில் போட்டால் 'என்சி' உரிமத்தை மீறியதாகுமா?
– வளர்ச்சித் திட்டப் பணியாளர், அருமனை

கல்லூரியோ மாணவரோ தம் படிப்புக்காகக் கடையில் கொடுத்து அச்சடித்து வாங்குவது மீறல் அல்ல என்பதே கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் நிலைப்பாடு. கடைக்காரர் தாமாகவே அடித்து அடுக்கி விலை வைத்து விற்பது வேறு.

அச்சுக்கு: ஏ4 தாளை மடித்து ஏ5 ஆக்கினால் ஒரு தாளுக்கு 4 பக்கம்; ஆகவே மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். 112 பக்க நூலுக்கு 28 தாள். நடுவில் பின் அடித்துக் கட்டுவது 80 பக்கம், அதாவது 20 தாள் வரைதான் சரிவரும். மேலே போனால் பின் இறங்காது, உள்பக்கங்கள் வெளியே துருத்தும். 56 பக்கமாக இரண்டு பாகம் போடுங்கள். உள் ஓரம் 20 மில்லிமீட்டர் விடுங்கள். பெட்டிகளுக்குச் சாம்பல் நிறம் கொடுக்க வேண்டாம், ஜெராக்ஸில் கறுத்துவிடும், கோடு போதும்.

வெளியிட்ட பிறகு யார் புதுப்பிப்பது? எப்போது?
– ஓய்வுபெற்ற பேராசிரியர், கன்னியாகுமரி

ஒவ்வொரு கல்வியாண்டும் ஜூன் தொடங்குமுன் ஒருவர் சட்டப் பெட்டிகளையும் உதவி எண்களையும் மட்டும் பார்க்கட்டும். ஒரு நாள் வேலை. முழு நூலை மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ஏன் ஆண்டுதோறும் என்றால், 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சம்ஹிதை வந்துவிட்டது. கணவர் வீட்டுக் கொடுமைக்கு 498அ என்று கற்றவர் இனி 85ஆம் பிரிவைச் சொல்ல வேண்டும். தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309 புதிய சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்த முயலும்போது மட்டும் 226ஆம் பிரிவு பொருந்தும். ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையில் விஷம் குடித்துச் சேர்க்கப்பட்டவரின் குடும்பத்தோடு பேசும் மாணவருக்கு இது தெரியாவிட்டால், இல்லாத வழக்கைச் சொல்லிப் பயமுறுத்திவிடுவார். தத்தெடுப்பு ஆணையும் 2022 செப்டம்பர் 1 முதல் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியரிடம் மாறியிருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மூத்த குடிமக்களுக்கு 14567, மனநலத்துக்கு 14416 என்ற எண்களை ஒவ்வோர் ஆண்டும் அழைத்துப் பார்த்தே அச்சிடுங்கள்.

அட்டையிலேயே பதிப்பு எண்ணையும் மாதத்தையும் போடுங்கள்: சட்டத் திருத்தம் மட்டும் என்றால் 1.1, அத்தியாயம் மாறினால் 2.0. சேமிப்புக்கு ஜெனோடோ தளம் ஏற்றது. கட்டணம் இல்லை, ஒவ்வொரு பதிப்புக்கும் நிலையான எண் தரும், பழைய பதிப்பும் அழியாது. கல்லூரித் தளத்தில் மட்டும் வைத்தால், தளம் மாற்றும் நாளில் சுட்டிகள் உடைந்துவிடும். புதுப்பிப்பவரின் பெயரை நூலில் போடாமல் 'துறையின் பாடநூல் பொறுப்பாளர்' என்று பதவியாகப் போட்டு, துறையின் பொது மின்னஞ்சலைக் கொடுங்கள். ஆள் மாற்றலாகிப் போனாலும் பிழை சொல்ல வருபவர் கடிதம் உரிய இடத்துக்கு வந்து சேரும்.